ஆறாம் அத்தியாயம்: கேள்விக்குறியுடன் எழுதப்பட்ட நோய்கள்

ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழை தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இறங்கி, பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை வாய்க்காலும் குளமும் நிரம்பி, பிசானத்துக்கு நடவு நடக்கும் காலத்தில், இப்பிரதேசத்து ஆஸ்பத்திரிகளின் மருத்துவ ஆவணப் பிரிவில் வந்து குவியும் கேஸ் ஷீட்டுகளில் பெரும்பாலானவை ஜுரத்தைப் பற்றியவையாகவே இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், நோய் நிர்ணயத்துக்கு உரிய கட்டத்தில் டெங்கு என்றோ எலிக் காய்ச்சல் என்றோ எழுதி, அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறியும் இட்டிருப்பதைப் பலவற்றில் காணலாம். நோய்க் குறியீடு இடும் பணியாளருக்கு நேரிடும் இடர்ப்பாடுகளில் இந்தச் சிறு வளைகோட்டைப் போல் பெரிய விளைவுடையது வேறொன்று இல்லையென்பது என் அபிப்பிராயம். ஆகையால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது இடப்படும் கேள்விக்குறியில் குற்றம் எதுவும் இல்லை. நள்ளிரவில் அம்பாசமுத்திரத்திலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ 108 வண்டியில் வந்து இறங்கும் ஒரு ஜுர நோயாளிக்கு, இரத்தப் பரிசோதனையின் முடிவு வருவதற்கு முன்பே, டாக்டர் ஓர் ஊகத்தின்மேல் சிகிச்சையை ஆரம்பித்தாக வேண்டும். அவ்வூகத்தை ஊகமென்றே எழுதிவைப்பது மருத்துவ தர்மத்துக்கு இசைந்த செயலேயாகும். ஆனால் நோயாளி குணமடைந்து வீடு திரும்புகிற தினத்திலும், பரிசோதனை முடிவுகள் வந்து அவ்வூகம் மெய்யென்றோ பொய்யென்றோ விளங்கிய பிறகும், அதே கேள்விக்குறி டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியே குடியிருக்குமானால், அங்கேதான் நம்முடைய தொல்லை தொடங்குகிறது.

ஏனென்றால், உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச நோய் வகைப்பாட்டில், ஐ.சி.டி. 10 என்று நாம் வழங்கும் நூலின் இரண்டாம் தொகுதியில், இதற்கென ஒரு விதி இருக்கிறது. உள்நோயாளியாக இருந்த ஒருவருடைய பிரதான நோய், சந்தேகம் என்ற அளவிலேயே கடைசிவரை குறிக்கப்பட்டு, அதைத் தெளிவுபடுத்தும் வேறு தகவலும் கிடைக்கவில்லையாயின், அந்நோய் நிச்சயப்பட்டதாகவே பாவித்துக் குறியீடு இடவேண்டும் என்பது அவ்விதி. கணினியில் எண்ணைப் பதிவுசெய்யும் கட்டத்தில் கேள்விக்குறிக்கு இடமில்லை. ஆதலால் பயிற்சி மருத்துவர் ஒருவர் நடுநிசியில் கொண்ட சந்தேகம் மறுமாதத்து அறிக்கையில் ஒரு டெங்கு நோயாளியாக மாறிவிடுகிறது. விதியைக் குறைசொல்லிப் பிரயோஜனமில்லை. "வேறு தகவல் கிடைக்கவில்லையாயின்" என்ற நிபந்தனையைப் பலரும் கண்ணை ஓட்டிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் விதியின் உயிர் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. தேடிப் பார்த்தும் கேட்டுப் பார்த்தும் கிடைக்காதபோதுதான் விதி நமக்கு உதவிக்கு வருகிறதேயன்றி, தேடாமலிருப்பதற்கு அது அனுமதிச் சீட்டு அன்று.

வகைப்பாட்டு நூலே சில நோய்களில் சந்தேகத்துக்கும் நிச்சயத்துக்கும் தனித்தனி எண் வகுத்திருக்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். நுரையீரல் காசநோயில், கிருமிப் பரிசோதனையாலோ திசுப் பரிசோதனையாலோ உறுதிப்பட்டது ஏ 15. உறுதிப்படாதது ஏ 16. கொரோனா வந்த 2020ஆம் ஆண்டில், வைரஸ் பரிசோதனையில் அடையாளம் காணப்பட்டவருக்கு யு 07.1 என்றும், காணப்படாமல் டாக்டரின் தீர்மானத்தால் மட்டும் அந்நோயாளி என்று கருதப்பட்டவருக்கு யு 07.2 என்றும் இரண்டு எண்கள் வழங்கப்பட்டன. டெங்குவுக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. ஏ 97 என்ற எண்ணின் நான்காம் இலக்கம் எச்சரிக்கை அறிகுறிகள் உண்டா, நோய் கடுமையா என்பதைச் சொல்லுமே தவிர, பரிசோதனை செய்யப்பட்டதா என்பதைச் சொல்லாது. பழைய அச்சுப் பிரதிகளை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகளில் ஏ 97 என்ற எண்ணே இராது. ஏ 90, ஏ 91 என்ற நீக்கப்பட்ட எண்களே இருக்கும். ஒரே வருஷத்தின் கணக்கில் பாதி பழைய எண்ணாகவும் பாதி புதிய எண்ணாகவும் கலந்துவிட்டால், எந்த எண்ணைத் தட்டித் தேடினாலும் பாதி நோயாளிகள் மறைந்துபோவார்கள்.

ஜுரத்துக்குப் பெயர் சூட்டுவதில் உள்ள இந்தச் சங்கடம் நம் சீமைக்குப் புதிதன்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய பிரதேசங்களில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது, அதன் காரணத்தை ஆராய்வதற்குக் கம்பெனி அரசாங்கம் மருத்துவர்களின் குழுவொன்றை நியமித்தது. இந்திய மூலிகைகளையும் மருந்துகளையும் குறித்து நூல் எழுதிய ஒயிட்லா ஐன்ஸ்லி அக்குழுவில் ஒருவர். அவர்களுடைய அறிக்கை 1816இல் லண்டனில் அச்சாயிற்று. கிருமியென்ற கருத்தே நிலைபெறாத அக்காலத்தில், ஜுரத்தை அது விட்டு விட்டு வரும் முறையைக் கொண்டும், பருவத்தைக் கொண்டும், நிலத்தின் ஈரத்தைக் கொண்டுமே பாகுபடுத்த முடிந்தது. பின்னர் இங்கிலாந்தில் வில்லியம் ஃபார் மரணக் காரணங்களை முறைப்படுத்த முயன்றதும், 1893இல் பிரெஞ்சுக்காரரான ஜாக் பெர்ட்டியோன் சிகாகோவில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் சபையின் முன் தம்முடைய பட்டியலை வைத்ததும், 1948இல் ஆறாம் திருத்தத்தின்போது உலக சுகாதார ஸ்தாபனம் அப்பட்டியலை ஏற்று, மரணத்தோடு நோயையும் அதில் சேர்த்ததும் ஆகிய வரலாற்றை முதல் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறேன், இங்கே விரிக்கவில்லை. பத்தாம் திருத்தம் 1990இல் அங்கீகாரம் பெற்றது. பதினொன்றாவது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டபோதிலும், நம்முடைய ஆவணப் பிரிவுகளின் அன்றாட வேலை பெரும்பாலும் பத்தை வைத்தே நடந்துவருகிறது.

இப்பள்ளத்தாக்கில் மழைக்காலத்து ஜுரத்துக்குக் குறைந்தபட்சம் நான்கு சந்தேகங்கள் எழுகின்றன. டெங்குவுக்கு முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனையும், அதன்பின் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனையும் பொருத்தமானவை. அட்டையில் செய்யும் துரிதப் பரிசோதனையை மட்டும் கொண்டு, பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான தேசியத் திட்டம் ஒரு நோயாளியை உறுதிப்பட்டவராக எண்ணுவதில்லை. மலையடிவாரத்துக் கிராமங்களிலும் புதர் மண்டிய வரப்புகளிலும் நடமாடுகிறவர்களுக்கு ஒருவகைச் சிற்றுண்ணியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ், ஏ 75.3; அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட்டால் சுட்டாற்போன்ற ஒரு கருவடு இருந்தால் அதுவே பெரிய சாட்சி. வயல் நீரில் வெறுங்காலோடு நிற்பவர்களைப் பிடிக்கும் எலிக் காய்ச்சல், ஏ 27. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய 2023 டிசம்பர் வெள்ளத்தைப் போன்ற பெருவெள்ளம் வடிந்த பிறகு வரும் வாரங்களில் இதை மறக்கவே கூடாது. நான்காவது டைஃபாய்டு, ஏ 01.0, ஒரே ஒரு வைடால் பரிசோதனையின் பலத்தில் எழுதப்படுபவை இதில் அதிகம். இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்தாலொழிய நிச்சயம் சொல்வது அரிது என்பதை டாக்டர்களும் மறுப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்த ஆவணப் பணியாளர் ஒருவருக்குச் சபலம் ஒன்று தோன்றக்கூடும். கேஸ் ஷீட்டின் நடுப்பக்கத்தில் கருவடு இருந்ததாக ஒரு வரி இருக்கிறது. பின்பக்கத்தில் எலைசா முடிவும் ஒட்டப்பட்டிருக்கிறது. டாக்டரோ டெங்குவுக்குக் கேள்விக்குறியிட்டுவிட்டு மறந்துவிட்டார். நாமே ஏ 75.3 என்று போட்டுவிட்டால் என்ன? போடக் கூடாது. ஆய்வுக்கூட முடிவைப் பார்த்து நோயை நிர்ணயிப்பது நம்முடைய அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. நம்முடைய ஊகம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், அதன்கீழ்க் கையொப்பமிடுவதற்கு நமக்கு உரிமை இல்லை. நாம் செய்யத்தக்கது, அந்த வரியையும் அந்தத் தாளையும் டாக்டரின் கண்ணுக்குமுன் கொண்டுபோய் வைப்பது.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "டாக்டர், இது ஸ்க்ரப் டைஃபஸ்தானே?" என்று கேட்பது தவறு, ஓ.பி.யில் இருநூறு பேரை வரிசையில் நிறுத்திவைத்திருக்கும் ஒருவர் ஆமென்று தலையசைத்து அனுப்பிவிடுவார். "டாக்டர், இந்த ஐ.பி. எண்ணுக்கு டிஸ்சார்ஜ் தினத்தில் உங்களுடைய முடிவான நிர்ணயம் என்ன? பதினாறாம் தேதி வந்த எலைசா முடிவு உள்ளே இருக்கிறது" என்று, விடையை நம் வாயில் வைத்துக்கொள்ளாமல் கேட்பதே நியாயம். கேள்வியை ஒரு துண்டுத் தாளில் எழுதி, டாக்டர் தம் கைப்பட எழுதும் விடையைத் தேதியோடும் கையொப்பத்தோடும் கேஸ் ஷீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். போனில் சொன்னார் என்று நாமே எழுதிக்கொள்வது ஆதாரமாகாது. எல்லாக் கேள்விக்குறிகளையும் ஒரே நாளில் சுமந்துகொண்டு வார்டுக்குப் போகாமல், ஒவ்வொரு யூனிட்டின் கேஸ் ஷீட்டுகளையும் அந்த யூனிட்டின் அட்மிஷன் நாள் அல்லாத வேறொரு நாளில் கொண்டுசென்றால், முகம் கொடுத்துப் பேசுவார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு வந்துசேரும் பரிசோதனை முடிவுகளே இவ்விஷயத்தில் பெருந்தொல்லை. நோயாளி நான்காம் நாள் வீட்டுக்குப் போய்விடுகிறார். எலைசா முடிவு ஏழாம் நாள் வார்டுக்கு வந்து, நர்ஸின் மேசை இழுப்பறையில் தங்கிவிடுகிறது. இதற்கு நான் சிபாரிசு செய்யும் உபாயம் ஒரு நிலுவைப் பதிவேடு. எந்தக் கேஸ் ஷீட்டில் முடிவு எதிர்பார்க்கப்படுவதாக எழுதியிருக்கிறதோ அதன் ஐ.பி. எண்ணை அப்பதிவேட்டில் ஏற்றி, இரண்டு வாரம் வரை இறுதிக் குறியீடு இடாமல் நிறுத்திவைத்து, வாரம் ஒருமுறை ஆய்வுக்கூடத்தின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நோயாளியின் பெயரை மட்டும் நம்பி ஒப்பிடலாகாது; ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாளும் மூன்று சுடலைமுத்துவும் படுத்திருப்பது இந்த ஊரில் சர்வசாதாரணம்.

இவ்வளவு முயன்றும் காரணம் விளங்காத ஜுரங்கள் மிஞ்சத்தான் செய்யும். அவற்றுக்கு ஆர் 50.9, அதாவது இன்னதென்று குறிக்கப்படாத ஜுரம் என்ற எண்ணைக் கூசாமல் போடுங்கள். இந்த எண் அதிகமானால் ஆஸ்பத்திரியின் கௌரவம் குறையும் என்று சில நிர்வாகிகள் எண்ணுகிறார்கள். பத்திரிகைகளில் 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்பு வந்துவிடுமோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. எனக்கோ, பரிசோதனைகள் அனைத்தும் செய்து, அவை யாவும் இல்லையென்று வந்து, டாக்டரும் அவ்வாறே எழுதிய ஒரு ஆர் 50.9, பரிசோதனையே செய்யாமல் போட்ட பத்து ஏ 97களைக் காட்டிலும் மதிப்புடையதாகத் தோன்றுகிறது. ஏனெனில் புதிதாக ஒரு நோய் ஊருக்குள் நுழையும்போது அது முதன்முதலில் தன் நிழலைக் காட்டுவது இந்த எண்ணின் வரிசையில்தான். எதையும் பாராமல் சோம்பலால் இட்ட ஆர் 50.9 வேறு சாதி; இரண்டையும் பிரித்தறிவதற்காக, செய்த பரிசோதனைகளின் பெயரைக் குறிப்புக் கட்டத்தில் எழுதிவைப்பது நல்லது. 'வைரல் ஃபீவர்' என்று எழுதியிருப்பதை ஆர் 50.9இல் சேர்க்க வேண்டாம்; அது காரணத்தைப் பற்றிய ஒரு தீர்மானம் ஆதலால் பி 34 என்ற வகுப்பைச் சார்ந்தது.

குறியீடு சரியாக இருந்தும் கணக்குத் தவறுவது மற்றொரு வகை. 2012இல் டெங்கு தமிழ்நாட்டைக் கடுமையாகத் தாக்கியபோது திருநெல்வேலி மாவட்டத்தின் பெயரே முன்னணியில் அடிபட்டது; அதிலும் கடையநல்லூர் வட்டாரம் மிகுந்த அல்லலுற்றது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது கடையநல்லூரும் அதனோடு போயிற்று. ஆகவே 2012இன் திருநெல்வேலிக் கணக்கையும் இன்றைய திருநெல்வேலிக் கணக்கையும் அருகருகே வைத்து, நோய் தணிந்துவிட்டதென்று பெருமைப்படும் அறிக்கை, எல்லைக்கோடு நகர்ந்ததையே சுகாதார முன்னேற்றமாக எண்ணிவிடுகிறது. 1986இல் தூத்துக்குடி பிரிந்ததை நினைவில் கொள்ளாதவர்கள் பழைய பதிவேடுகளிலும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் நோயாளிகள் வருவது நிற்கவில்லை. வருகிறவர்களில் பலர் பழக்க தோஷத்தால் இன்னமும் திருநெல்வேலி மாவட்டம் என்றே முகவரி சொல்கிறார்கள். எனவே மாவட்டத்தின் பெயரோடு நில்லாமல் வட்டம், கிராமம், பின்கோடு மூன்றையும் பதியச் செய்யுங்கள். எல்லை மறுபடி மாறினாலும் கணக்கைத் திரும்ப அடுக்கிக்கொள்ளலாம். தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிறகு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு நோயாளியாக எண்ணப்படுவதும் இதைச் சேர்ந்த பிழைதான். அனுப்பிய ஆஸ்பத்திரியின் பெயரும் அங்குள்ள ஐ.பி. எண்ணும் நம் பதிவில் இருந்தால் அதைக் களைவது எளிது.

அறுவடைக் காலத்துப் பாம்புக் கடியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பாம்பின் விஷத்துக்கு டி 63.0, அது நேர்ந்த விதத்துக்கு எக்ஸ் 20, அதன் நான்காம் இலக்கம் நேர்ந்த இடத்தைச் சொல்வது, வயலானால் 7, வீடானால் 0. இந்த நான்காம் இலக்கத்தை 9 என்று, அதாவது இடம் தெரியாதென்று போட்டுவிட்டு நகர்வது எங்கும் காணும் வழக்கம், விபத்துப் பதிவேடாகிய ஏ.ஆர். புத்தகத்தில் "வரப்பில் புல் அறுக்கும்போது" என்று தெளிவாக எழுதியிருக்கும், அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நாகமா, கட்டுவிரியனா, கண்ணாடி விரியனா, சுருட்டை விரியனா என்பதை டி 63.0 பிரித்துக் காட்டாது. ஆதலால் டாக்டர் குறித்திருக்கும் இனத்தைத் தனியே எழுதிவையுங்கள். கடிபட்டும் விஷம் ஏறவில்லை என்று டாக்டர் எழுதியிருந்தால் டி 63.0 பொருந்தாது, காயத்துக்கு உரிய எண்ணே போதும். தமிழக அரசு 1939ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ்ப் பாம்புக் கடியை அறிவிக்கத்தக்க நோயாக 2024 நவம்பரில் ஆக்கிய பிறகு, இந்த எண்களின்மேல் அரசாங்கத்தின் கண் முன்னைவிடக் கூர்மையாக விழுகிறது.

பூச்சிமருந்து விஷத்தில் சங்கடம் வேறு விதமானது. தற்செயலென்றால் எக்ஸ் 48, தானே அருந்தியதென்றால் எக்ஸ் 68, இன்னதென்று தீர்மானிக்க முடியாதபோது ஒய் 18. குடும்பத்தார் வந்து, "ஐயா, தண்ணீர்னு நெனச்சுக் குடிச்சிட்டானு போட்டுருங்க" என்று மன்றாடுவதும் உண்டு. அவர்களுடைய பயம் புரியாததன்று. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது என்பதைப் பரிவோடு எடுத்துச்சொல்லலாம். ஆயினும் எண்ணைப் பொறுத்தமட்டில், டாக்டர் எழுதியதே நமக்கு ஆதாரம். உறவினரின் வேண்டுகோளும் ஆதாரமன்று, நம்முடைய சொந்தச் சந்தேகமும் ஆதாரமன்று.

பிரதான நோய் எது என்ற கேள்வியைப் போன அத்தியாயத்தில் விவரித்தாகிவிட்டது. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கோரப்படும் சிகிச்சைப் பொதியின் எண்ணும் நோயின் எண்ணும் ஒன்றல்ல. பொதி அனுமதியாகிவிட்டது என்பதற்காக அதிலிருந்து நோயைப் பின்னோக்கி வருவித்து எழுதுவது, பணத்தின் கணக்கை நோயின் கணக்காக்குவதாகும்.

இனி, செய்த வேலையைச் சரிபார்க்கும் முறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐம்பது கேஸ் ஷீட்டுகளைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கி எடுங்கள். நன்றாக எழுதியவற்றைக் கைபோன போக்கில் தேர்ந்தெடுத்தால் பரீட்சை பரீட்சையாக இராது. முதலில் இட்ட எண்ணை மறைத்துவிட்டு, வேறொரு பணியாளர் அவற்றுக்கு மறுபடி குறியீடு இடட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடும்போது, முதல் மூன்று இலக்கம் வரை பொருந்துகிறதா, நான்காம் இலக்கமும் பொருந்துகிறதா என்று தனித்தனியே குறியுங்கள். முதலாவது தவறினால் நோயே மாறிவிடும், இரண்டாவது தவறினால் அதன் விவரம் மட்டுமே மாறும். வேறுபாடு கண்ட ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தேடுங்கள். அகராதித் தொகுதியில் எண்ணைப் பார்த்துவிட்டு அட்டவணைத் தொகுதியில் சரிபார்க்காமல் விட்டது நம் பிழை; கையெழுத்துப் புரியாமல் ஊகித்ததும் நம் பிழை. டாக்டர் தெளிவாக எழுதாததும், பரிசோதனைத் தாள் வந்துசேராததும் நம் மேசைக்கு அப்பால் நேர்ந்தவை. நேர்மையாகச் செய்த சரிபார்ப்புகளில் பின்னிரண்டே மிகுந்து காணப்படும் என்பது என் எண்ணம். ஆகவே சரிபார்ப்பின் முடிவை ஆவணப் பிரிவின் சுவரில் ஒட்டிவைத்து எழுத்தர்களைக் கூசச் செய்வதால் பயனில்லை. டாக்டர்களின் மாதாந்தரக் கூட்டத்தில், யூனிட்டின் பெயரை மட்டும் சொல்லி, எத்தனை கேள்விக்குறிகள் டிஸ்சார்ஜ் வரை தங்கின என்ற ஒரே தொகையைப் படியுங்கள். டாக்டர்கள் சுலபமாக விளங்கிக்கொள்ளும் தொகை அது.

திருத்தம் செய்ய நேர்ந்தால் பழைய எண்ணின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, புதிய எண்ணையும் தேதியையும் திருத்தியவரின் சுருக்கொப்பத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கணினியிலும் பழைய பதிவை அழிக்காமல் திருத்தமாகவே சேர்க்க ஏற்பாடு வேண்டும். மாத அறிக்கை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் போன பிறகு மாறிய எண்களை அடுத்த மாதக் கணக்கில் சத்தமில்லாமல் கலந்துவிடாமல், எந்த மாதத்தில் எத்தனை மாறின என்று தனித்தாளில் எழுதி, அவ்வறிக்கையோடு அனுப்புங்கள்.